மரமும் சாயமும்: மாதிரிப் பாய்க்கப்பல் அமைக்கும் கலை

தவளக்குப்பத்திற்கு வடக்கே சில கல் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நிகழ்த்திய அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. சாடிகள் எஞ்சின, அவற்றைச் சுமந்து வந்த கலங்கள் எஞ்சவில்லை. மரம் மட்கும் இயல்பினது. கலம் மறையுமாயின் அதனைக் கட்டிய கையறிவும் உடன் மறையும். 'சுக்கான்', 'மாலுமி' போன்ற அரபுச் சொற்கள் நம் மொழியில் நிலைத்தது போல் அவ்வறிவும் நிலைக்க வேண்டின், ஏட்டறிவு மட்டும் போதாது. கையால் செய்து அறிதல் வேண்டும். அதற்குரிய எளிய வாயில் மாதிரிக் கப்பல் ஆகும்.

சான்றாக, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி'யைக் கொள்வோம். அதன் நீளம் 89 அடி. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 22 அங்குலம் ஆகும்.

மாதிரியையும் வேம்பினாலேயே செய்தால் என்ன என்று வினவலாம். கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் இழையைச் சுருக்க இயலாது. பருத்த இழையோட்டம் சிறு கலத்தின் மீது உருவத்திற்கு ஒவ்வாது தோன்றும். ஆதலின் மஞ்சக்கடம்பு போன்ற நுண்ணிழை மரத்தைத் தேர்ந்து, சாயத்தால் வேம்பின் செம்பழுப்பை ஊட்டுதலே முறை.

முதலில் ஏராவை நிறுத்தி, அதன்மேல் வங்குகளைப் பொருத்த வேண்டும். அணியத்திலும் அமரத்திலும் கலத்தின் உடல் வளைந்து ஒடுங்குவதால், அங்குள்ள வங்குகளின் ஓரங்களைச் சாய்வாகச் சீவுதல் இன்றியமையாதது. மெல்லிய பட்டையொன்றை வங்குகளின் மீது படிய வைத்துப் பார்த்தால், மேடும் பள்ளமும் உடனே புலப்படும். பலகைகள் நடுவில் அகன்றும் முனைகளில் குறுகியும் இருத்தல் வேண்டும். அவற்றை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, உலர்ந்தபின் ஒட்டுக. இருபுறமும் மாறி மாறி ஒட்டாவிடில் ஏரா ஒருபக்கமாகத் திருகிக்கொள்ளும்.

சாயமிடுமுன் 120ஆம் எண் உப்புத்தாளாலும், பின்னர் 220ஆம் எண் தாளாலும் இழையோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். பசை படிந்த இடம் சாயத்தை ஏற்காது, வெண்திட்டாக நிற்கும். அதனால் சிலர் பலகைகளுக்கு முன்னரே சாயமிட்டுப் பின் ஒட்டுவர். வெட்டுமுனையோ சாயத்தை மிகுதியாக உறிஞ்சிக் கறுத்துவிடும். எனவே, கழிவுத்துண்டில் சோதித்தபின்பே கலத்தைத் தொடுதல் நலம்.

கருமை வேண்டுமிடத்து நம் முன்னோர் கலம்காரித் துணிக்குக் கையாண்ட வழி உதவும். கடுக்காய்ச் சாற்றைப் பூசி உலர்த்தி, அதன்மேல் இரும்புத் துண்டுகள் பல நாள் ஊறிய வெல்லநீரைத் தடவினால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருநிறம் பிறக்கும். இறுதியாக, சாராவியில் கரைத்த அரக்கை மெல்லிய படலங்களாகப் பூசுக. புதுவைத் தச்சர்கள் நன்கறிந்த பிரெஞ்சு பாலிஷ் இதுவே.

வண்ணப்பூச்சு குறையை மறைக்கும், சாயமோ காட்டிக்கொடுக்கும். தேய்ப்பில் நேர்ந்த கீறலும், பொருத்தில் விட்ட இடைவெளியும் சாயமிட்ட மறுகணமே தெளிவாகும். மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. காட்டப்பட்ட குறையே அடுத்த கலத்திற்கு ஆசான். அங்ஙனம் ஒவ்வொரு பிழையையும் திருத்திக் கட்டுவோமாயின், மண்ணில் மட்கிய கலங்களின் அறிவு நம் கைகளில் மீண்டும் தழைக்கும்.