கசப்புக்கு என்ன எடை?

நேயர்களே, திருவாதவூர்ப் பக்கம் வேப்பமரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கியிருக்கிறீர்களா? அந்தக் கசப்பைக்கூட நிறுக்கலாம் என்றால் நம்புவீர்களா?

அதற்கென்றே ஒரு தராசு இருக்கிறது. பெயர், நிறை நிறமாலைமானி. துளியூண்டு பொருளை எடுத்து, அதன் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, காற்றே இல்லாத குழாய்க்குள் பறக்கவிடுவார்கள். வழியில் ஒரு காந்தம். லேசானது சட்டென்று வளையும். கனமானது அவ்வளவு எளிதில் வளையாது. முறத்தில் புடைத்தால் பதர் வேறு, மணி வேறு என்று பிரிகிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான்! வளைவைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடலாம்.

இப்படிச் செடிகொடிகளுக்குள் ஒளிந்திருக்கும் வேதிப்பொருள்களைத் தேடுவதே வாழ்க்கை என்று இருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி. நஞ்சறுப்பான் கொடியின் வேதிப்பொருளை ஆராய்ந்தவர். அவர் ஓய்ந்து உட்காரவே இல்லை. 1992-இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, சென்னை ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷனில் தம் குழுவோடு சேர்ந்து, அசாடிராக்டின் குடும்பத்தில் புதிதாக இரண்டு பொருள்களைக் கண்டு உலகுக்குச் சொன்னார். பூச்சிகளைப் பயிரிலிருந்து விரட்டும் கசப்பான குடும்பம் அது.

எங்கே கிடைத்தன தெரியுமா? நம் வாசல் வேம்பில்தான், நேயர்களே!