காரில் தெறித்த சாலைப் பெயின்ட் ஏன் ஒட்டுகிறது? எப்படி எடுப்பது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில், ஈரம் காயாத வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறினால் போதும்; கதவின் அடிப்பகுதி வரை பெயின்ட் தெறித்துவிடும்.

சாலைப் பெயின்ட்டில் தெர்மோபிளாஸ்டிக் வகையை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் உருக்கிப் போடுகிறார்கள். அது ஆறினாலே இறுகிவிடும். தொல்லை தருவது சாதாரணத் திரவப் பெயின்ட்தான். அதிலுள்ள கரைப்பானோ நீரோ ஆவியானால்தான் அது காயும். நீலகிரியின் குளிரும் மூடுபனியும் அதைக் காயவிடுவதில்லை. சமவெளியில் சட்டென்று காய்வது இங்கே நெடுநேரம் ஈரமாகவே கிடக்கிறது.

காரின் மேற்பூச்சில் மூலக்கூறுகள் வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் பிணைந்திருக்கும். மென்மையான கரைப்பான் அதை எளிதில் கலைக்காது. சாலைப் பெயின்ட் பிசின்கள் பலவற்றில் அந்தப் பிணைப்பு இல்லை. நமக்கு வழி திறப்பது இந்த வேறுபாடுதான். ஆனால் சில வகைகள் காற்றின் ஆக்சிஜனை ஏற்று நாளுக்கு நாள் கெட்டிப்படும். அதனால் தாமதிக்கக் கூடாது.

ஈரமாக இருக்கும்போதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். காய்ந்துவிட்டதா? வாசலினைத் தடிமனாகப் பூசி, சில மணி நேரம் ஊறவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள். ஊட்டிக் கடைகளில் கிடைக்கும் நீலகிரித் தைலமும் பிசினை இளக்கும். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். துடைத்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம், அது மேற்பூச்சையே கெடுக்கும். உலர்துணியால் தேய்க்கவும் கூடாது. இரவில் கோடு ஒளிர்வதற்காகத் தூவிய கண்ணாடி மணிகள் கீறிவிடும்.

ஈரக் கோட்டைத் தவிர்க்க, கொண்டை ஊசி வளைவில் மட்டும் எதிர்த்தடத்துக்கு ஏறிவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, பணியாளர் கை காட்டிய பிறகு செல்லுங்கள்.