சந்திரன் பூமியில் விழாதது ஏன்?

காம்பு அற்ற தேங்காய் கீழே விழுகிறது. மேலே எறிந்த கல்லும் கீழே வருகிறது. பூமி எல்லாப் பொருள்களையும் தன்னிடம் இழுப்பதே காரணம். சந்திரனையும் பூமி இழுக்கத்தான் செய்கிறது. அப்படியானால் அது ஏன் நம் தலையில் வந்து விழவில்லை?

இதற்குப் பதில் வேடிக்கையானது. சந்திரன் விழுந்துகொண்டுதான் இருக்கிறது! ஒவ்வொரு விநாடியும் விழுகிறது. ஆனால், பூமியை வந்து சேருவதில்லை.

இதை விளக்கிச் சொன்னவர், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஐசக் நியூட்டன்.

பிளேக் தந்த விடுமுறை

1665-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளேக் நோய் பரவியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். அங்கே படித்த நியூட்டனுக்கு அப்போது வயது 22. அவர் தன் சொந்த ஊருக்குப் போனார். அங்கு ஆப்பிள் பழம் விழுவதைப் பார்த்து யோசனையில் ஆழ்ந்தார். (பழம் அவர் தலையில் விழுந்தது என்பது பிறகு சேர்ந்த கதை. விழுவதைப் பார்த்ததாகத்தான் முதுமையில் ஒரு நண்பரிடம் அவர் சொன்னார்.)

பழத்தை இழுக்கும் அதே சக்தி, சந்திரன் வரை எட்டுமா? இதுதான் அவருடைய கேள்வி. அதன் விடையை 1687-ல் புத்தகமாக வெளியிட்டார்.

மலை உச்சியில் பீரங்கி

மிக உயரமான ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு பீரங்கி. குண்டைப் படுக்கைவாட்டில் சுட்டால், கொஞ்ச தூரம் போய் விழும். வேகத்தைக் கூட்டினால், இன்னும் தள்ளி விழும். விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டால்?

குண்டு ஒரு விநாடியில் 5 மீட்டர் கீழே இறங்கும். ஆனால் பூமி உருண்டை அல்லவா? 8 கிலோமீட்டர் போவதற்குள், தரையும் 5 மீட்டர் வளைந்து இறங்கிவிடும். குண்டு விழ விழ, தரை விலகிக்கொண்டே போகும். குண்டு பூமியைச் சுற்ற ஆரம்பித்துவிடும்!

1957-ல் ரஷியா விட்ட ஸ்புட்னிக், இப்படித்தான் பூமியைச் சுற்றியது. ஆனால், அது பறந்த உயரத்தில் லேசாகக் காற்று இருந்தது. காற்று உராய்ந்து வேகம் குறைந்தது. மூன்று மாதத்தில் அது கீழே இறங்கி எரிந்துபோனது.

சந்திரனுக்கு அந்தக் கவலை இல்லை. அது 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே தடுக்கக் காற்று இல்லை. அதனால் எஞ்சினும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

ஒரு விநாடியில்...

பூமியின் மையத்தில் இருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல், 60 மடங்கு தூரத்தில் சந்திரன் இருக்கிறது. தூரம் 60 மடங்கு கூடினால், இழுப்பு 3,600 மடங்கு குறையும். எனவே, ஒரு விநாடியில் சந்திரன் விழுவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்! அதே விநாடியில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இப்படி ஓடி ஓடி, 27 நாளில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது.

பூமி இழுக்கிறது, இன்னொரு சக்தி வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமம், அதனால் சந்திரன் விழவில்லை என்று சிலர் சொல்வார்கள். இது சரியல்ல. இரண்டும் சமமாக இருந்தால், சந்திரன் வளையாமல் நேராக ஓடிப்போயிருக்கும்!

சந்திரனின் ஓட்டம் திடீரென்று நின்றால் என்ன ஆகும்? ஐந்தே நாளில் பூமியில் வந்து மோதும். ஆனால், அதை நிறுத்தும் சக்தி எதுவும் அங்கே இல்லை.

உண்மையில், சந்திரன் நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது! 1969-ல் அமெரிக்க வீரர்கள் அங்கே ஒரு கண்ணாடியை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியில் இருந்து அதன் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். கடல் பொங்கி வடிவதன் விளைவாக, சந்திரன் ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் தள்ளிப் போகிறது.