‘ஹால்ட்’ என்னும் சொல்

‘ஹால்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேளாத தமிழர் அரியர். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் ஊர் திரும்பும்போது, “வண்டிக்கு அங்கே ஹால்ட் உண்டா?” என்று வினவுவது வழக்கம். இச்சொல்லின் பொருள் யாது? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞம் என்ற கடற்கரையூர் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

இச்சொல் ஜெர்மானியப் படைவீரர்களுக்கு இடப்பட்ட கட்டளையாகத் தோன்றிப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தது. ‘நில்’ என்பதே அக்கட்டளை. எனினும், நின்ற படை மீண்டும் நடக்கும் என்ற குறிப்பும் அதனுள் அடங்கியிருந்தது. இதே ஒலியில் நொண்டுதலைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. தயங்கித் தயங்கிப் பேசுவதை ‘ஹால்ட்டிங்’ என்பது அதன்வழி வந்த வழக்கு.

இருப்புப்பாதையில் இச்சொல் இடத்திற்கே பெயராயிற்று. 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் அமரவிளை ஹால்ட் என்ற சிறு நிலையம் உள்ளது. சில வண்டிகள் சிறிது நேரம் நின்று செல்லும் இடங்களையே இப்பெயரால் குறிப்பர்.

விழிஞ்ஞத்தில் நின்று செல்பவை கப்பல்கள். பன்னாட்டுக் கப்பற்பாதைக்கு ஏறத்தாழப் பத்துக் கடல்மைல் தொலைவில், இயற்கையாகவே ஆழம் மிகுந்த கரையில் இத்துறைமுகம் அமைந்துள்ளது. 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல் சரக்குப் பெட்டகங்களை இங்கே இறக்கிவிட்டுத் தன் வழியே செல்லும்; சிறு கப்பல்கள் அவற்றைப் பிற துறைமுகங்களுக்குக் கொண்டு சேர்க்கும். கொழும்பு போன்ற அயல்நாட்டுத் துறைகளில் நெடுங்காலமாக நடந்துவந்த இத்தொழிலுக்குக் கப்பலின் குறுகிய தங்கலே முதல்.

இச்சொல்லின் நுட்பம் வாழ்க்கையைத் தொடுவதும் இங்கேதான். துறைமுகப் பணி நடந்துகொண்டிருந்த 2022ஆம் ஆண்டில், கரை அரிப்பால் வீடிழந்த மீனவ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பணியை நிறுத்திக் கரை அரிப்பைப் பற்றி ஆய்வு நடத்துக என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. இதனை ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்று சொன்னால், துறைமுகமே வேண்டா என்று பொருள்கொள்ளவும் இடமுண்டு. ‘ஹால்ட்’ என்றால், ஆய்வு முடியும்வரை பொறுத்திருங்கள் என்ற பொருள் பெரும்பாலும் கிட்டும். பணியை நிறுத்த அரசு இசையவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின் டிசம்பர் 6ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. துறைமுகத்தை எதிர்ப்பது வேறு, தம் கரையின் நிலையை ஆராயுமாறு கேட்பது வேறு. ஒரு சொல்லைப் பிழைபடக் கேட்டால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும் அன்றோ?

தமிழ் இவ்வேறுபாட்டைத் துணைவினையால் காட்டுகிறது. ‘பணியை நிறுத்தினர்’ என்றால் அது தொடருமா என்பது தெரியாது. ‘நிறுத்திவைத்தனர்’ என்றால் பின்னர்த் தொடரும் என்பது தெளிவு. மலையாளத்திலும் இவ்வாறே ‘நிர்த்திவெச்சு’ என்பர். ‘திருமணம் நின்றுபோயிற்று’ என்றால் அத்துடன் முடிந்தது. ‘பேருந்து எங்கள் ஊரில் நின்று போகும்’ என்றாலோ அது சிறு தங்கலே. சொற்கள் அவையே, பொருள் நேர்மாறு.

ஆகவே, பிறமொழிச் சூழலில் வாழும் நாம், பணி நின்றது, ஊதியம் நின்றது, வண்டி நின்றது என்று யாரேனும் கூறும்போது, நின்றதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று ஒருமுறை கேட்டுத் தெளிதல் நன்று. அவ்வொரு கேள்வி வீண் அச்சத்தையும் வீண் நம்பிக்கையையும் ஒருங்கே தவிர்க்கும்.