அக்கி: உறங்கும் வைரஸ் விழிப்பது எப்படி?

அக்கி எழுதுவது என்றால் என்ன என்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதுகிலோ விலாவிலோ நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல். சில நாட்களில் அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். வீட்டுப் பெரியவர்கள் உடனே குயவர் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர் காவி மண்ணை நீரில் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளங்களின் மேல் எழுதுவார். உடம்புச் சூடுதான் காரணம் என்பார்கள். சில வாரங்களில் புண் ஆறிவிடும்.

உண்மைக் காரணம் சூடு அன்று. உங்களுக்குச் சிறு வயதில் சின்னம்மை வந்ததுண்டா? வந்திருந்தால், அக்கியின் காரணம் இப்போதும் உங்களுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு நோய்களுக்கும் மூலம் ஒரே வைரஸ்தான். ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பெயர் வேரிசெல்லா சோஸ்டர். வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்கிறோம். தோலை விட்டு இறங்கியது மெய்தான்; உடலை விட்டுப் போகவில்லை. நரம்பிழைகளின் வழியே சென்று, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் குறித்து வைத்து, 1965-இல் இக்கருத்தை வெளியிட்டார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. பொறுமையும் குறிப்பேடும் இருந்தன.

பல்லாண்டுகள் உயிரோடிருந்தும் நம் காவற்படையின் கண்ணில் அது படாதது எப்படி? பேசாமல் இருப்பதால்தான். இந்த வைரஸின் டி.என்.ஏ.வில் சுமார் 70 ஜீன்கள் உள்ளன. ஜீன் என்பது ஒரு செய்முறைக் குறிப்பு. அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தால்தான் புரதம் உண்டாகும். புரதம் இருந்தால்தான் காவல் செல்கள் அடையாளம் காணும். நரம்புச் செல்லுக்குள் வைரஸின் டி.என்.ஏ. நம் குரோமோசோமோடு சேராமல் தனி வளையமாகக் கிடக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் நூற்கண்டுபோல் அது இறுகச் சுற்றப்பட்டிருப்பதால், படியெடுக்கும் கருவி உள்ளே நுழைய முடிவதில்லை. ஏறத்தாழ எல்லா ஜீன்களும் மௌனம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மௌனத்திலும் ஓர் ஆர்.என்.ஏ. உருவாவதைக் காட்டியது. வைரஸை எழுப்பக்கூடிய ஒரு ஜீனுக்கு அது எதிர்ப்படி. ஆய்வுக்கூடத்துச் செல்களில் அந்த ஜீனை அது அடக்கியும் காட்டியது. தூங்குபவன் தானே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வது போன்றது இது!

தாழ்ப்பாள் எப்போது திறக்கும்? இந்த வைரஸ் இயற்கையில் மனிதனையே பற்றுவதால், சோதனை விலங்குகளில் அக்கியை உண்டாக்கிப் பார்ப்பது கடினம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் அதன் உறவுக்கார வைரஸ் வழி காட்டுகிறது. எலியின் நரம்புச் செல்களில் 2015-இல் செய்த ஆய்வு இது: செல்லுக்கு நெருக்கடி ஏற்பட்டதும், பூட்டுக்குறி பதிந்த ஹிஸ்டோனில், அந்தக் குறியை ஒட்டியே ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டிக்கொண்டது. பிடி தளர்ந்தது; ஜீன்கள் பேசத் தொடங்கின.

நான் இயற்பியல் ஆசிரியன். ஒன்றை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒரு ரேடியம் அணு எந்த நொடியில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நரம்புச் செல்லில் வைரஸ் எப்போது விழிக்கும் என்பதும் அப்படித்தான். ஆனால் ரேடியம் அணுவுக்கு வயதாவதில்லை. இன்றைக்கும் ஆயிரம் ஆண்டு கழித்தும் அது சிதையும் வாய்ப்பு ஒன்றே. நமக்கோ வயது ஏற ஏறக் காவல் தளர்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோயோ மருந்தோ உள்ளவர்களுக்கும் அக்கி மிகுதியாக வருவது இதனால்தான்.

விழித்த வைரஸ் செல்லைத் தன் பட்டறையாக்கிக் கொள்கிறது. முதலில் உருவாகும் புரதங்கள், செல்லின் படியெடுக்கும் கருவியை வைரஸ் ஜீன்களின் பக்கம் திருப்புகின்றன. வைரஸ் ஜீன்களை அடக்கி வைக்கும் உட்கருப் புரதத் திரள்களை இன்னொரு புரதம் கலைக்கிறது. வேறொன்று, 'உள்ளே பகைவன் இருக்கிறான்' என்று செல்லின் மேற்பரப்பில் ஏற வேண்டிய அடையாளப் பலகையை வழியிலேயே நிறுத்தி வைக்கிறது. பிறகு புது வைரஸ்கள் நரம்பிழை வழியே தோலுக்கு இறங்குகின்றன. ஒரு முடிச்சின் நரம்பு உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைக்கே செல்வதால், கொப்புளங்களும் அந்தப் பட்டையில்தான் வரும். அக்கி உடம்பைச் சுற்றி வந்து இரு முனையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது நடுக்கோட்டைத் தாண்டுவதேயில்லை.

இதற்கு மருந்து ஏசைக்ளோவிர். அந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இம்மருந்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: விழுங்கும்போது அது வெறும் சாது. வைரஸின் சொந்த நொதி ஒன்று பாஸ்பேட்டைப் பூட்டினால்தான் அது ஆயுதமாகும், புது டி.என்.ஏ. இழையை நடுவிலேயே முறிக்கும். உறங்கும் வைரஸில் அந்த நொதி கிடையாது. எனவே மருந்து அதைத் தொடாது. விழித்துப் பெருகும்போதுதான் பிடிக்க முடியும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த மூன்று நாட்கள்தான் நம் ஊரில் குயவர் வீட்டுத் திண்ணையில் கழிந்துவிடுகின்றன. குயவரைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஈரக் காவி எரிச்சலுக்கு இதமாகத்தான் இருக்கும். புண்ணும் தானாகவே ஆறக்கூடியது. ஆகவே எழுதியது பலித்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். புண் ஆறிய பிறகும் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, நரம்பு வலி மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. சட்டை உரசினாலே துடித்துப் போவார்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், கண் பறிபோகலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கொப்புளங்கள் பொருக்குத் தட்டும் வரை அவற்றை மூடி வையுங்கள். சின்னம்மை காணாத குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நெருங்க விடாதீர்கள். அந்த நீர் பட்டால் அவர்களுக்கு வருவது அக்கியன்று, சின்னம்மை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி ஒன்று 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. அதில் வைரஸ் இல்லை. அதன் உறைப் புரதம் ஒன்று மட்டுமே உள்ளது. விலைதான் சற்று மிரட்டும்.