மூடுபனிக்கு எத்தனை படிகள்?

மலையும் கேமராவும் – 11

கொல்லிமலையின் தேவனூர் நாட்டில், மழைக்காலத்துக் காலை நேரத்தில் கேமராவைத் தூக்கினால் திரை முழுக்க வெள்ளைதான். அந்த வெள்ளைக்குள் அடுக்கு வயல் இருக்கிறது. வரப்புக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, அதற்கும் பின்னால் ஒரு மேடு. கண் இவை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடுகிறது. கேமரா எவ்வளவைப் பிரித்து வைத்துக்கொள்ளப் போகிறது என்பது, நம்மில் பலர் திறந்தே பார்க்காத ஒரு மெனு வரியைப் பொறுத்தது. அதன் பெயர் ‘இமேஜ் குவாலிட்டி’. ஷட்டரையும் அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் படத்துக்குப் படம் மாற்றுகிறவர்கள்கூட, இந்த வரியைக் கேமரா வாங்கிய அன்று இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இந்த வாரம் அதையும், அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘இமேஜ் ஏரியா’வையும் பார்ப்போம்.

மெனுவில் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. L, M, S என்பவை படத்தின் அளவு. எத்தனை பிக்சல் என்ற கணக்கு. பல 24 மெகாபிக்சல் நிக்கான் கேமராக்களில் L என்றால் 6000×4000, S என்றால் 2992×2000. ஃபைன், நார்மல், பேசிக் என்பவை அந்தப் பிக்சல்களை ஜேபெக் கோப்பாக எவ்வளவு இறுக்கிச் சேமிப்பது என்ற கணக்கு. நிக்கானில் ஃபைன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருக்குகிறது; நார்மல் எட்டில் ஒன்று; பேசிக் பதினாறில் ஒன்று. கணக்குப் போட்டால் L பேசிக்கும் S ஃபைனும் மெமரி கார்டில் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ஆனால் இரண்டும் இழப்பது வேறு வேறு.

சுருக்குவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மூடுபனியின் சிக்கல் தானாகவே விளங்கும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் மெதுவாக மாறுகிற பகுதி எவ்வளவு, சட்டென்று மாறுகிற பகுதி எவ்வளவு என்று அளக்கிறது. பிறகு, கண் அவ்வளவாகக் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கிவிடுகிறது. பல எண்கள் பூஜ்யமாகிவிடுவதால் கோப்பு சிறுக்கிறது. நிறத்தில் இன்னும் தாராளம்: வெளிச்சத்தைவிட நிறத்துக்குக் குறைந்த விவரமே போதும் என்று பல நேரங்களில் நிறத் தகவலைப் பாதியாகவும் கால்வாசியாகவும் குறைத்துவிடுகிறது.

இந்த அளக்கும் முறைக்குப் பின்னால் இருப்பவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் இந்த ஆய்வுக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நிதி இல்லாமலே 1973 கோடையில் வேலையைத் தொடர்ந்தார். தன் மாணவர் டி. நடராஜனோடும், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது. இன்று உலகில் கைமாறும் படங்களில் பெரும்பங்கு இந்த மூவரின் கணக்கு வழியாகப் போகிறது. ஒளிப்படம் கற்பிக்கும் வகுப்புகளில் இவர்கள் பெயரைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இனி மூடுபனிக்கு வருவோம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் கருமையிலிருந்து வெண்மை வரை 256 படிகள். வெயில் காலத்துப் படம் அந்தப் படிகள் முழுவதிலும் பரவி நிற்கும். மூடுபனிப் படமோ மேலே ஒரு சிறு பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு நாற்பது படிக்குள் மொத்த வயலும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, அந்த நாற்பதை இருநூறாக இழுத்தால் படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி விழும். மென்மையாகக் கரைய வேண்டிய பனி பட்டை பட்டையாகத் தெரியும். பேசிக்கில் எடுத்திருந்தால் அந்த 8×8 கட்டங்களும் கூடவே எழுந்து நிற்கும்.

சென்சார் பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இந்தக் கஷ்டம் குறைவு. 12 பிட் என்றால் 4,096 படிகள். 14 பிட் என்றால் 16,384. இழுப்பதற்கு இடம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கேமரா ஜேபெக் செய்யும்போது ஒயிட் பேலன்ஸைப் படத்துக்குள் ஊற்றி இறுக்கிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் விடியற்காலைப் பனி நீலம் பூசியிருக்கும். கீழே மண் சிவப்பு. எந்த நிறத்தை நம்புவது என்று கேமரா குழம்புகிற இடம் இது. ராவில் அந்த முடிவை நிதானமாக வீட்டில் எடுக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருவர் இந்தப் பனிக்காக வருகிறார் என்றால், அந்தக் காலைப் பொழுதுக்காவது ராவை வைத்துக்கொள்ளட்டும். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25, 30 எம்பி பிடிக்கலாம். 64 ஜிபி கார்டில் அப்படியும் இரண்டாயிரம் படம் வரை போகும். கணினியில் திறக்க டார்க்டேபிள், ராதெரபி என்று விலையில்லாத மென்பொருள்கள் இருக்கின்றன. கணினியே இல்லாதவர்கள் L ஃபைன் வைத்து, வெள்ளை எரிந்துபோகாதபடி எக்ஸ்போஷரைக் கவனமாக வைத்து எடுக்கலாம். கான்ட்ராஸ்டைக் கேமராவின் பிக்சர் கன்ட்ரோலில் எடுக்கும்போதே சரிசெய்துகொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பனியைவிட எனக்கு முக்கியமாகப்படுவது இந்த மலையின் சாமை. கொல்லிமலையில் சாமை என்பது ஒரே பயிர் இல்லை. வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை என்று ரகம் ரகமாக வைத்திருந்தார்கள் இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பணப்பயிராக மேலேறி வந்தபின் சிறுதானியப் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை காப்பதில் ஈடுபட்டுவருகிறது. விதையைக் காப்பது ஒரு வேலை. கதிர் எப்படி இருந்தது என்பதைப் படமாகக் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைக் கேமரா வைத்திருக்கும் யாரும் செய்யலாம். அதற்குத்தான் தரம் வேண்டும்.

தேவனூர் நாட்டு வயலோரத்தில் ஒரு பெரியவர், சுற்றுலா வந்த யாரோ எடுத்து அனுப்பிய படத்தைத் தன் போனில் காட்டினார். அவர் நிலம்தான்.

“இதுல சாமை எங்கீங்க இருக்குது? பச்சையா மொத்தையாத்தான் தெரியுது.”

“வாட்ஸ்அப்ல வந்ததுங்களா ஐயா?”

“ஆமாங்க. கதிரு பிரிஞ்சு தொங்குறதைப் பாத்தாத்தானே இன்ன ரகம்னு சொல்ல முடியும்?”

அவர் சொன்னதைவிடத் தெளிவாக இமேஜ் குவாலிட்டியை யாரும் விளக்கிவிட முடியாது. சாமைக் கதிர் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து தொங்குவது. தினைக் கதிரில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருப்பது. இப்படி மெல்லிய கோடுகள் வெளிர் வானத்தின் முன்னால் நிற்கும்போதுதான் ஜேபெக் அதிகம் தடுமாறுகிறது. சுருக்கம் கூடக் கூட ஒவ்வொரு மயிரைச் சுற்றியும் கொசு மொய்ப்பதுபோல் சிறு அழுக்குகள் தோன்றும். எது மயிர், எது அழுக்கு என்று பிற்பாடு பார்க்கிறவருக்குத் தெரியாது. பயிரையோ செடியையோ அடையாளத்துக்காக எடுக்கிறவர்கள் M, S பக்கம் போகவே வேண்டாம். L ஃபைன், முடிந்தால் ராவும் சேர்த்து. ஒரே இடத்தில் நின்று நாற்பது படம் எடுப்பதற்குப் பதிலாக நான்கு எடுங்கள், கார்டு நிறையாது.

படத்தை எதற்காக எடுக்கிறோம் என்பதிலிருந்து தரத்தை முடிவுசெய்தவர் ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை எடுக்க வந்தார். தூரத்தில் நின்று ஒரே படத்தில் அடக்கியிருக்கலாம், எழுத்து தெரியாது. துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தார் ரோடும் ரயிலும் இல்லாத ஊருக்குப் பெரிய கேமராவைச் சுமந்துவந்து, கண்ணாடித் தகடும் காகிதமுமாக உழைத்த மனிதர். எழுத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பதிலிருந்து அவருடைய மற்ற முடிவுகள் எல்லாம் பிறந்தன. அந்த ஒழுங்கைத்தான் நாம் மெனுவுக்குள் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ‘இமேஜ் ஏரியா’, அதாவது ‘க்ராப்’. இதில்தான் அதிகமான மயக்கம் இருக்கிறது.

ஃபுல்ஃபிரேம் கேமராவில் சென்சார் 36×24 மில்லிமீட்டர். ‘டிஎக்ஸ்’ என்றோ ‘1.5 க்ராப்’ என்றோ வைத்தால், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் கேமரா எடுத்துக்கொள்கிறது. பலா மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவை பெரிதாகத் தெரிகிறது. 200 எம்எம் லென்ஸ் 300 ஆகிவிட்டது என்று மகிழ்ந்துபோகிறோம். பறவை ஓர் அங்குலம்கூட நெருங்கவில்லை. சுற்றியுள்ளவை கழிந்துபோயின. 24 மெகாபிக்சல் 10 ஆகிறது: 6000×4000 போய் 3936×2624. வீட்டில் வெட்டினாலும் இதே 10 தான் மிஞ்சும். வித்தியாசம், வீட்டில் வெட்டும்போது எந்தப் பக்கம் வெட்டலாம் என்று யோசிக்க முடிகிறது. இந்த க்ராப் ராவையும் வெட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெட்டியது கார்டில் எங்கும் இருக்காது. இதற்கு ஒரு நல்ல பயனும் உண்டு. கோப்பு சிறியதாவதால் பறக்கும் பறவையைத் தொடர்ச்சியாக எடுக்கும்போது கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் சீக்கிரம் நிரம்பாது. வாரப் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு 10 மெகாபிக்சல் தாராளம். பறவை நடுவில்தான் இருக்கும், லென்ஸ் எட்டவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

4:3, 16:9, 1:1 என்று வரும் விகிதத் தேர்வு வேறு விஷயம். கேனன் போன்றவற்றில் இவற்றை வைத்து ராவில் எடுத்தால் முழுப்படமும் கோப்பில் இருக்கும். வெட்டுக்கோடு மட்டும் குறிப்பாகச் சேர்ந்திருக்கும். ஜேபெக்கில் அப்படி இல்லை, போனது போனதுதான். அடுக்கு வயலுக்கு 16:9 அழகாகத்தான் இருக்கும். ஆனால் 4000 வரிசைகளில் 625 போய்விடும். பெரும்பாலான செல்போன்களில் இழப்பு இன்னும் பெரிது: சென்சார் 4:3 என்பதால் 16:9 வைத்தால் கால்வாசிப் படம் காணாமல் போகும். போனில் எடுக்கிறவர்கள் 4:3-இலேயே விட்டுவிடுங்கள்.

நம் கேமராக்களின் 3:2 விகிதமே ஒரு வெட்டிலிருந்து வந்ததல்ல, சேர்த்தலிலிருந்து வந்தது. ஆஸ்கர் பார்னாக் சினிமாப் பிலிமின் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி 36×24 செய்தார். 1925-இல் அவர் வடிவமைத்த லைக்கா கேமரா கடைக்கு வந்தது. லைக்காவோடு திருவண்ணாமலையில் இருந்தவர் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அங்கேதான் இருந்தார். நெகட்டிவை வெட்டாமல் முழுசாகவே பிரிண்ட் போட வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஆனாலும் 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை எடுத்த அவருடைய புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதுதான். வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரம் மறைந்துபோயிருந்தது. முழு நெகட்டிவ் கையில் இருந்ததால் எங்கே வெட்டுவது என்று அவரால் பிறகு முடிவுசெய்ய முடிந்தது. நான் கேட்பதும் இவ்வளவே: முழுசை முதலில் கார்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிர்ப் படத்தில் இது இன்னும் அவசியம். கதிரை மட்டும் நெருக்கி வெட்டினால் படம் எடுப்பாக இருக்கும். தாள் எவ்வளவு உயரம், பக்கத்தில் என்ன விதைத்திருந்தார்கள், சரிவா சமதரையா, குச்சிக்கிழங்கு எவ்வளவு தூரத்தில் வந்துவிட்டது என்பதெல்லாம் ஓரங்களில்தான் இருக்கும். கதிருக்கு ஒரு படம், செடிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று. மூன்றையும் வெட்டாமல் வையுங்கள்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 3:2 படம் 4×6, 12×18 அளவுகளில் அப்படியே உட்காரும். 8×10 கேட்டால் ஆறில் ஒரு பங்கை லேபில் வெட்டியாக வேண்டும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோள் போவது இதனால்தான். 8×10 போடப்போவது தெரிந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்கள்.

அனுப்புவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, மறுபடியும் இறுக்கப்படும். 2023-இல் வந்த ‘எச்டி’ கொஞ்சம் மேல். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்தால் கோப்பு மூலத்தில் இருந்தபடியே போகும். எடுத்த தேதியும் உள்ளேயே இருக்கும். மலையில் சிக்னல் இல்லையென்றால் காத்திருந்து கீழே போய் அனுப்புங்கள்.

வயல்காரருக்கு மட்டும் காகிதத்தில் கொடுங்கள். 4×6 பிரிண்டுக்கு 1800×1200 பிக்சல் போதும். முதலில் சொன்ன நிக்கானின் S கூட அதற்கு மேல்தான். பின்பக்கத்தில் ரகத்தின் பெயரையும், எந்தக் கொல்லை, எந்த மாதம் என்பதையும் அவரையே சொல்லச் சொல்லி எழுதிவிட்டுக் கொடுங்கள். அதையே உங்கள் கோப்புக்கும் பெயராக வையுங்கள்.