தோட்டத்துக்கு இணையம்: எந்த அலைவரிசை, எந்தக் கருவி?

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைப்பதற்கான பாரத்நெட் திட்டத்தில் பல ஊர்களுக்கு ஃபைபர் வந்துவிட்டது. தனியார் பிராட்பேண்டும் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால், விவசாயம் நடப்பது தெருவில் இல்லையே! வீட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிது. கிணறும் மோட்டாரும், மாட்டுக் கொட்டகையும், கோழிப்பண்ணையும் அங்கேதான் இருக்கின்றன.

முழுக்க மூடிய, மின்விசிறியால் காற்று இழுக்கும் கோழிப்பண்ணைகளில் கோடை மதியத்தில் விசிறி நின்றால், பண்ணைக்காரருக்குக் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். இறால் குட்டையில் நள்ளிரவில் காற்றூட்டும் சக்கரம் நின்றாலும் இதே கதை. தகவல் உடனே வந்தால் ஜெனரேட்டரைப் போடலாம். விடிந்தபின் தெரிந்தால் ஒரு பருவத்துப் பணமும் போனதுதான்.

இதற்காகத்தான் வீட்டு இணையத்தைக் காற்றுவழியே தோட்டத்துக்குக் கடத்தும் 'பாயின்ட் டு பாயின்ட்' கருவிகளைப் பலர் வாங்குகிறார்கள். வீட்டு மாடியில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கடைக்காரர் '15 கிலோமீட்டர் போகும்' என்கிறார். பெட்டியிலும் அப்படியே அச்சடித்திருக்கிறது. பொருத்திய பிறகு ஒன்றரை கிலோமீட்டருக்கே திணறுகிறது. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. இடையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்ததே காரணமாக இருக்கும்.

இந்தியாவில் தனி உரிமம் இல்லாமல் விவசாயி பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகளில் மூன்று முக்கியமானவை. வீட்டு வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ், உணர்கருவிகளுக்கான 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். இவற்றிலும் அனுப்பும் சக்திக்கு வரம்பு உண்டு. கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதலும் இருக்க வேண்டும். பில் போட்டு வாங்கும் நல்ல கருவிகளில் அது இருக்கும். அமைப்புப் பக்கத்தில் நாடு 'இந்தியா' என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடுதல் சக்தி கிடைக்கும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது சட்டப்படி தவறு.

நடுவில் மரமே இல்லாத நெல்வயல், கடலைக்காடு, ஏரிப்பரப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 5 கிகாஹெர்ட்ஸ்தான். இதில் சேனல்கள் நிறைய. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. ஊருக்குள் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் அதே மூன்றில் கத்திக்கொண்டிருக்கும்போது, மாடியில் இருக்கும் கருவிக்குத் தோட்டத்தின் மெல்லிய குரல் கேட்காது. ஊரைவிட்டுத் தனித்திருக்கும் வீடு என்றால் 2.4-உம் பரவாயில்லை.

மரம் இருந்தால் கணக்கே மாறிவிடும். இலையில் இருப்பது தண்ணீர். ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கும். அலைவரிசை கூடக் கூட இலைகளுக்கு நடுவே ஏற்படும் இழப்பும் கூடும். ஒன்றிரண்டு வேப்பமரக் கிளைகளைத் தாண்ட 2.4 கொஞ்சம் உதவும். அடர்ந்த தென்னந்தோப்பு நடுவே நின்றால் இரண்டுமே கைவிட்டுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரையில் காய்ந்த காற்றில் சோதித்துப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுவார்கள். ஐப்பசியில் இலையெல்லாம் நனைந்து நிற்கும்போது இணைப்பு விட்டுவிட்டு வரும். 'மழைக்கு சிக்னல் வராது' என்பார்கள். வெறும் மழை, இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸை ஒன்றும் செய்வதில்லை. நனைந்த மரமும், சரியாக மூடாத கேபிள் முனையில் இறங்கும் தண்ணீருமே காரணம்.

மாடியில் நின்று பார்த்தால் தோட்டம் தெரிகிறது, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல் மெல்லிய கோடாகப் போவதில்லை. இரு முனைகளில் ஒடுங்கி, நடுவில் பருத்து, வெள்ளரிக்காய் வடிவில் இடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தை 5.8 கிகாஹெர்ட்ஸில் கடந்தால் நடுப்பகுதியில் அதன் ஆரம் ஏறக்குறைய 5 மீட்டர். அதில் 60 சதவிகிதமாவது, அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே சுமார் 10 அடி, தடையின்றி இருக்க வேண்டும். 2.4 என்றால் இன்னும் பருமன் கூடி, 15 அடிக்கு மேல் தேவைப்படும். ஆகவே பக்கத்து நிலத்துக் கருவேலமரத்தின் உச்சியை உரசியபடி பார்வைக்கோடு போனால், கண்ணுக்குத் தெரிந்தாலும் இணைப்பு தள்ளாடும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இருட்டியபின் தோட்டத்தில் ஒருவர் பிரகாசமான டார்ச்சை ஏணியின் உச்சியில் பிடிக்க, மாடியிலிருந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்ததும் டார்ச்சை 10 அடி இறக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் தெரிந்தால் கருவியை ஏணி உச்சி உயரத்தில் தைரியமாகப் பொருத்தலாம். ஆனால், தடை மாடிப் பக்கமோ நடுவழியிலோ இருந்தால் இந்தச் சோதனை முழுதாகக் காட்டிக்கொடுக்காது. பகலில் ஒருமுறை வழி நெடுக நடந்து மரங்களை எண்ணிவிட்டு வருவது நல்லது. யார் நிலத்தில் என்ன நட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். இன்று இடுப்பளவு நிற்கும் சவுக்கு, மூன்று ஆண்டில் வீட்டைவிட உயரமாக நிற்கும்.

நடுவில் தென்னந்தோப்பே இருந்தால்? நெட்டைத் தென்னை 60 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மேலே கம்பம் நடுவது வீண் செலவு, காற்றுக்கு ஆபத்தும்கூட. தோப்பைச் சுற்றிப் போவதே சரி. இரு பக்கமும் தெரியும் ஓரிடத்தில், உறவினர் வீட்டு மாடியோ, ஊராட்சியின் அனுமதியோடு மேல்நிலைத் தொட்டியோ, ஒரு இடைநிலை அமைத்தால் ஒரு நீண்ட இணைப்பு இரண்டு குட்டை இணைப்புகளாகிவிடும். இரண்டு கருவி நான்காகும். இரண்டு இணைப்புக்கும் வெவ்வேறு சேனல் வைக்க வேண்டும். ஓடையில் வளைவு வெட்டித் தண்ணீர் கொண்டுபோவது போலத்தான் இதுவும்.

கருவியின் பிராண்டைவிட அதன் கெயின் எவ்வளவு என்று கேட்பது பயன் தரும். கெயின் கூடினால் அலையை எல்லாப் பக்கமும் இறைக்காமல் ஒரே திசையில் குவிக்கிறது என்று பொருள். சுற்றிலும் பரப்பும் குச்சி ஆண்டெனா இந்த வேலைக்கு உதவாது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கெயின் 13 முதல் 16 வரை உள்ள தட்டை வடிவக் கருவி போதும். ஐந்து கிலோமீட்டர் என்றால் 23 அளவுள்ள கிண்ண வடிவம் வேண்டும். கிண்ணத்தின் பார்வை குறுகியது. குழாய் காற்றில் ஆடினாலே இலக்கு தப்பும், ஆகவே இழுகம்பி கட்ட வேண்டும்.

பொருத்தியதும் கருவியின் திரையில் சிக்னல் அளவு மைனஸில் வரும். மைனஸ் 50 என்பது மைனஸ் 70-ஐவிட நல்லது. இருபுறமும் 16 கெயின், இரண்டு கிலோமீட்டர், முழு அனுமதிச் சக்தி என்றால் 5.8 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 62 அருகே வர வேண்டும். தூரம் இரட்டித்தால் இன்னும் 6 குறையும். மைனஸ் 75 காட்டினால் திசை தப்பியிருக்கிறது, அல்லது ஏதோ மறைக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்கக் கூடாது. நல்ல நாளில் வந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்தால், பின்னாளில் பழுது பார்க்க அதுவே வழிகாட்டி.

வேகத்துக்கு ஆசைப்பட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 2 முதல் 4 எம்.பி.பி.எஸ். போதும். நான்கு கேமராவுக்கு 16. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தாலே இது தாராளமாகப் போகும். 80-இல் வைத்தால் வேகம் கூடுவதுபோல் தெரியும், ஆனால் இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும், தூரம் குறையும்.

கேமராவே வேண்டாம், மோட்டார் ஓடுகிறதா, மின்சாரம் இருக்கிறதா, கொட்டகைக்குள் எத்தனை டிகிரி என்பது தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு 865 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா கருவிகளே பொருத்தம். படம் அனுப்ப இதனால் முடியாது. சில எழுத்துகள் கொண்ட தகவலைத்தான் அனுப்பும். ஆனால், குறைந்த அலைவரிசை என்பதால் மரங்களுக்கு நடுவே 5 கிகாஹெர்ட்ஸைவிட நன்றாக நுழையும், சிறு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். ஆன்லைனில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 915 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்படுவது அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. அந்த அலைவரிசையை ஒட்டியே இங்கு செல்போன் சேவை நடக்கிறது. இந்தியாவுக்கான 865 வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் இணைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரம்தான். இதற்கு நம் மாநிலத்திலேயே பழைய அனுபவம் ஒன்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு 2000-களின் நடுவில் நீண்டதூர வைஃபை இணைப்பை ஏற்படுத்தியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் தொழில்நுட்பம் தந்தார்கள். சாதாரண வைஃபை கருவியோடு திசை ஆண்டெனா சேர்த்து, கிராமத்து நோயாளி தேனியில் உள்ள மருத்துவரோடு வீடியோவில் பேசினார். சில ஆண்டுகள் நடத்திப் பார்த்ததில், கருவிகள் பழுதானதற்குப் பெரிய காரணம் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் திடீர் மின்தடையும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

தோட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் அதே லைனில் கருவியை மாட்டினால், மோட்டார் நிற்கும்போதும் ஓடும்போதும் அடி வாங்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் இடங்களில் கருவி அடிக்கடி அணையும். சோலாரே நல்லது. கருவி 8 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 192 வாட்-மணி. 100 வாட் பேனலும், 12 வோல்ட் 65 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியும் இருந்தால் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். பேட்டரி அடிமட்டம்வரை தீராமல் துண்டிக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம். கம்பத்துக்கு எர்த் போடுவதையும், கேபிளில் மின்னல் தடுப்பான் சேர்ப்பதையும் கோடை இடிக்கு முன்பே முடிக்க வேண்டும். கருவியிலிருந்து ரவுட்டர்வரை செல்லும் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் சோலார் வைத்துவிட்டு, வீட்டில் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், மாடிக் கருவி மூன்றையும் யு.பி.எஸ். இல்லாமல் விட்டால், மின்தடை வந்ததும் எச்சரிக்கை வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிடும். மின்தடைக்காகத்தானே எச்சரிக்கையே வைக்கிறோம்?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டால் பணம் வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுக்கலாமா என்ற கேள்வியும் வருகிறது. காசுக்கு இணையம் விற்க உரிமம் தேவை. வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தமும் பொதுவாக அதை அனுமதிக்காது. 2020 டிசம்பரில் அனுமதி பெற்ற பி.எம். வாணி திட்டத்தில் பதிவுசெய்துகொண்டால் சிறு கடைக்காரர்கூடத் தனி உரிமமின்றிப் பொது வைஃபை கொடுக்கலாம்.

கோழிப்பண்ணை, இறால் குட்டை வைத்திருப்பவர்கள் இணையத்தை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் போனதும் பேட்டரியில் அலறும் சைரன் பண்ணையிலேயே முதலில் வேண்டும். சிம் கார்டு வழியே போன் அடிக்கும் சிறு கருவி இரண்டாவது. இணைய எச்சரிக்கை மூன்றாவதுதான். மாதம் ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில், பண்ணையில் ஆள் நிற்கும்போது மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்து, வீட்டில் உள்ளவர் போனில் எத்தனை விநாடியில் தகவல் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.